ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவே

அது கேமரா பையிங்களா? மடியிலயே வெச்சிருக்கீங்க, அதான் கேட்டேன். மேல வெக்காதீங்க. இந்த ரோட்டுக்கு திருப்பூர் போறதுக்குள்ள நாலு தடவை கீழ விழுகும். மடியிலயே இருக்கட்டும். நானும் அப்படித்தான் வெச்சிருப்பனுங்க. இப்ப இல்ல. கேமராவத் தொட்டே ஒம்பது மாசமாச்சு.

கல்யாணத்துக்கா? சரிங்க, சரிங்க. நானும் அந்தத் தொழில்தான். தாராபுரத்துல ஸ்டுடியோ. என்ற பேரு சென்னியப்பன். இருபத்தொரு வருசமா கல்யாணம், காதுகுத்து, சீரு, எல்லாம் எடுத்தாச்சு. தாலி கட்டற நேரம் குறுக்க வர்ற பெரியப்பாவ எப்படி ஒதுக்கறதுன்னு உங்களுக்கே தெரியும். அதெல்லாம் பண்ணிப் பண்ணி சலிச்சுப் போச்சுங்க. பொண்ணு ஒரே மாதிரி சிரிக்கும், மாப்பிள்ளை ஒரே மாதிரி முழிப்பாரு. எத்தனை நாளைக்கு?

இப்ப நான் பஸ்ஸுல போறேன் பாருங்க, இது எனக்குப் பழக்கமில்லீங்க. எனக்கு வண்டி இருக்குது. பழைய புல்லட்டு, கறுப்பு. ஆர்.சி. புக்கு என்ற பேர்லதான் இருக்குது. வண்டி மட்டும் பல்லடத்துல நிக்குது. என்ற சம்சாரம் எடுத்துட்டுப் போயிட்டா. குடுன்னு கேட்டனா? ஒரு வார்த்தை கேக்கல. ஜன்னல் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா? காத்து மூஞ்சில அடிக்குது. காத்துன்னாலே இப்ப ஆவறதில்லீங்க எனக்கு.

மூணு வருசத்துக்கு முன்னால மூலனூர்ல ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வித்தாரு அந்த வண்டிய. கியரு வலது காலுல, பிரேக்கு இடது காலுல, அந்தக் காலத்து வண்டி. கொண்டுவந்து ஸ்டுடியோ வாசல்ல நிறுத்துனேன். பொழுது எறங்கற நேரம். அந்த டேங்கு மேல வெளிச்சம் விழுந்துச்சு பாருங்க. இருபத்தொரு வருசத்துல ஒரு மூஞ்சிலயும் நான் அப்படி ஒரு வெளிச்சம் பாத்ததில்லீங்க. சும்மா ஒரு போட்டோ எடுத்தேன். அதுதான் ஆரம்பம்.

நின்ன வண்டிய எடுக்கறது பெரிய விசயமில்ல. ஓடற வண்டிய எடுக்கோணும், ரோட்டுல. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஷட்டர மெதுவா வெச்சுட்டு, வண்டி கூடவே கேமராவத் திருப்போணும். வண்டி கூர்மையா நிக்கும், பின்னால காடு, வேலி, கரண்டு எடுக்கற பெரிய காத்தாடி எல்லாம் கோடு கோடா ஓடும். நாப்பது தடவை எடுத்தா ஒண்ணு தேறும். அந்த ஒண்ணுக்காக நாப்பது தடவை யாராவது ஓட்டோணுமில்லீங்க? கடையில கூட இருக்கற முருகேசனைக் கேட்டேன். ரெண்டு நாள் வந்தான். மூணாம் நாள், "அண்ணா, போய்ட்டுத் திரும்பி வா, போய்ட்டுத் திரும்பி வான்னு சொல்லியே என்னைக் கொன்னுருவீங்க"ன்னு போயிட்டான்.

அப்பத்தான் சுகுணா கேட்டா. அவதானுங்க சம்சாரம். அவளேதான் கேட்டா, இதை நல்லாக் கேட்டுக்கங்க. நான் கட்டாயப்படுத்தல. "நான் ஓட்டட்டுங்களா மாமா?"ன்னா. நான் சிரிச்சுட்டேன். சைக்கிள் ஓட்டுவா, மொபெட்டு ஓட்டுவா, அவ்வளவுதான். நூத்தி எழுவது கிலோ வண்டி அது. "சொல்லிக் குடுத்தா ஓட்ட மாட்டனா?"ன்னா.

எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. அது வேற கதை, விடுங்க. கல்யாண சீசன்ல நான் வீட்டுலயே இருக்க மாட்டேன். சீசன் இல்லாதப்ப ஸ்டுடியோவுல ஆல்பம் வேலை. அந்த ஆல்பம் வேலையெல்லாம் அவதான் கத்துக்கிட்டுப் பண்ணுவா. கம்ப்யூட்டர்ல உக்காந்து ஆயிரம் போட்டோவுல நூறு பொறுக்கி வெப்பா, நல்ல கண்ணு. இருந்தாலும் ரெண்டு பேரும் சேந்தாப்புல வெளிய போனதுன்னு பாத்தா பழனிக்கும் கொடுமுடிக்கும்தான். அதனால ஆசைப்பட்டாளோ என்னமோ. அப்ப நான் அப்படி நெனைக்கல. ஆள் கெடைச்சுதுன்னு நெனச்சேன்.

மூணு வாரத்துல ஓட்டிட்டாளுங்க. உதைச்சு ஸ்டார்ட் பண்றது மட்டும் வரல. கால் வழுக்கி உதைக்கற கம்பி கெண்டைக்கால்ல அடிச்சு நீலமா வீங்கிப் போச்சு. மஞ்சளும் உப்பும் பத்துப் போட்டுக்கிட்டு மறுநாளும் வந்தா. ஒரு நாள் படக்குன்னு ஸ்டார்ட் ஆயிருச்சு. அன்னைக்கு அவ குதிச்ச குதிப்ப நீங்க பாத்திருக்கோணும்.

அப்பறம் ரெண்டு வருசம், கல்யாணம் இல்லாத நாளெல்லாம் ரோடுதான். மூலனூருக்குத் தெக்கால காத்தாடிக்காரங்க போட்ட ரோடு ஒண்ணு இருக்குது. வண்டி நடமாட்டம் இருக்காது. விடியக்காலம் போயிருவோம், வெயில் ஏறுனா வேப்பமரத்தடியில பாய விரிச்சுப் படுத்துக்குவோம், மறுபடி பொழுதோட ஆரம்பம். எலுமிச்சங்காய் சோறு கட்டிட்டு வருவா, உருளைக்கெழங்கு வறுவல் தனி டப்பாவுல. நான் சோத்த ஒரு கையில அள்ளிட்டு, இன்னொரு கையில கேமராவுல காலைல எடுத்ததைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு இருப்பேன். "சோத்தப் பாத்துத் திங்கங்க மாமா"ம்பா. "நல்லாருக்குது, நல்லாருக்குது"ன்னுவேன். அவ சோத்தக் கேட்டாளா போட்டோவக் கேட்டாளான்னு எனக்குத் தெரியாது. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு.

வேலை கொஞ்சமில்லீங்க. ரோடு ஈரமா இருந்தா வண்டி நெழல் அதுல தெரியும். மழைக்கு எங்க போறது? தோட்டத்துக் கெணத்துல இருந்து குடம் குடமா அவ தூக்கிட்டு வந்து ஊத்துவா. தார் ரோடு குடிச்சுரும். மறுபடி தூக்கோணும். நான் ரோட்டுல நெஞ்சு படப் படுத்து, கேமராவத் தரையோட வெச்சு, "இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்"பேன். நானும் சும்மா இல்லீங்க. முழங்கையெல்லாம் கொப்புளம்.

திட்டுனதில்லீங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க. குரல் ஒசத்திக்கூடப் பேசுனதில்ல. "இன்னொரு தடவை போய்ட்டு வா கண்ணு"ன்னுதான் சொல்லுவேன். கண்ணுன்னுதான் கூப்புடுவேன்.

அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு. ஒரு நாள் ஒரு டெம்போக்காரர் எதுக்க வந்து, ஹெல்மெட்டுக்குக் கீழ பின்னல் தொங்கறதப் பாத்துட்டு, ஹார்ன் அடிச்சுக் கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சுட்டுப் போனாரு. அதை ஒரு வாரம் சொல்லிட்டிருந்தா. அக்காளுக்குப் போன் போட்டுச் சொன்னா, பால்காரர்கிட்டச் சொன்னா. எனக்கு அந்தப் பின்னல் தெரிஞ்சதுதான் உறுத்துச்சு. மறுநாள்ல இருந்து ஜெர்க்கினுக்குள்ள விட்டுக்கச் சொன்னேன். ஒரு தடவை கேட்டா, "ஹெல்மெட்டக் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணு எடுங்க மாமா, மூஞ்சி தெரியட்டும்"னு. நான் எடுத்துச் சொன்னேன். மூஞ்சி இருந்தா பாக்கறவங்க கண்ணு மூஞ்சிக்குத்தான் போகும், வண்டிக்குப் போகாது. இது நான் சொல்றதில்ல, தொழில் அது. நீங்களே சொல்லுங்க, தப்புங்களா? அவளும் சரின்னுட்டா. நான் எடுக்க மாட்டேன்னு சொல்லல. நாளைக்கு எடுக்கலாம்னேன்.

இது எது, கொடுவாயிங்களா? இன்னும் இருக்குது. தண்ணி குடிக்கறீங்களா? சரிங்க.

கோயமுத்தூர்ல ஒரு டயர் கம்பெனிக்காரங்க வருசா வருசம் காலண்டர் போடறாங்க. பன்னெண்டு மாசத்துக்கும் பன்னெண்டு பேர் எடுத்த வண்டிப் படம். அட்டையில ஒரு படம். தமிழ்நாடு பூரா ஒர்க்ஷாப்புல தொங்கும். அதுக்குப் படம் அனுப்பச் சொல்லி விளம்பரம் வந்துச்சு, போன வருசம் ஆனி மாசம். என்ற மனசுல ஒரு படம் இருந்துச்சுங்க. சூரியன் மேக்கால எறங்குது, வரிசையா காத்தாடி, வளைவுல வண்டி சாஞ்சு வருது, பின் சக்கரத்துல இருந்து செம்மண்ணு எந்திரிக்குது, அந்தப் புழுதிக்குள்ள வெயிலு. அது ஒண்ணு கெடைச்சாப் போதும், இருபத்தொரு வருசத்துக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும்னு தோணுச்சு.

ஆடி மாசம் போனோம். எங்க பக்கம் ஆடிக் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? நிக்கற ஆளத் தள்ளும். செம்மண்ணச் சலிச்சு ரெண்டு மூட்டை கட்டிட்டுப் போனோம். வளைவுல பரப்புனோம். காத்து அடிச்சுட்டுப் போயிரும், மறுபடி பரப்புவோம். சுகுணா அம்பதுல வரோணும், மண்ணு மேல வரும்போது பின் பிரேக்க லேசாத் தொடோணும். அப்பத்தான் புழுதி எந்திரிக்கும்.

இருபத்திரெண்டு தடவை வந்தாளுங்க. இருபத்திரெண்டு தடவையும் விழுகல. அதையும் கணக்குல எடுக்கோணுமில்ல? புழுதி ஒரு தடவை பத்தாது, ஒரு தடவை காத்தாடிய மறைச்சிரும், ஒரு தடவை நான் விட்டுட்டேன். இருபத்திரெண்டாவது தடவை வந்து நிறுத்துனா. ஹெல்மெட்டுக் கண்ணாடியத் தூக்குனா. "மாமா, காத்து சாய்க்குது. நாளைக்கு வரலாமா?"ன்னா. பொழுது விழ இன்னும் பத்து நிமிசம்தான். அந்த வெளிச்சம் நாளைக்கு இருக்குமா? மேகம் வந்துட்டா என்ன பண்றது? "ஒரே ஒரு தடவை கண்ணு, இதோட போதும்"னேன். கண்ணாடிய எறக்கிட்டுப் போயிட்டா.

விழுந்துட்டா.

மண்ணு மேல வந்தா, பிரேக்கத் தொட்டா, அதே நேரம் ஒரு காத்து. வண்டி அப்படியே படுத்து, தேய்ச்சுட்டே போயி ரோட்டோரம் நின்னுது. அவ ஒரு பக்கம் உருண்டு போனா. எஞ்சின் ஓடிட்டே இருக்குது, பின் சக்கரம் சுத்திட்டே இருக்குது, மண்ண வாரி வாரி எறைக்குது. கையில கேமரா இருந்துச்சுங்க. வெரல் தானா அமுத்திருச்சு. உங்களுக்குத் தெரியும், நம்ம வெரலு நம்ம பேச்சக் கேக்காது. ஒண்ணு, ரெண்டு. அப்பறம் ஓடிப் போயி எஞ்சின அணைச்சேன், அவளைத் தூக்குனேன். எஞ்சின மொதல்ல அணைக்கோணுமுங்க, பெட்ரோல் ஒழுகிட்டிருந்துச்சு, தீப்பிடிச்சா என்ன ஆவறது? யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க.

பால் வண்டி ஒண்ணு வந்துச்சு. அதுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எடது தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சு போச்சு, மணிக்கட்டுல விரிசல். உசுருக்கு ஒண்ணுமில்ல. ஹெல்மெட்டு போட்டிருந்தாளே. அந்த ஹெல்மெட்டப் போடுன்னு சொன்னவன் யாரு? நான்தானே?

ஒண்ணரை மாசம் நான்தான் சமைச்சேன். தலை சீவி விட்டேன், பின்னத் தெரியல, சும்மா ரப்பர் போட்டு விட்டேன். ரசம் வெச்சேன், தண்ணியா இருக்கும், குடிச்சுக்குவா. எல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. சொல்லப் போனா அந்த ஒண்ணரை மாசம்தான் நாங்க நெறையப் பேசுனது. கட்டுப் பிரிச்சாங்க. கை முழுசா மேல தூக்க வரல, காதுக்கு மேல போகாது. போகப் போகச் செரியாயிரும்னாங்க டாக்டரு.

அந்தப் படத்தை அனுப்பிட்டேன். ஆமாங்க, அந்தப் படத்தைத்தான். நான் நெனச்ச படம் கெடைக்கல, அதவிட நல்ல படம் கெடைச்சிருச்சு. படுத்துக் கெடக்கற வண்டி, சுத்தற சக்கரம், நெருப்பு மாதிரி புழுதி, பின்னால காத்தாடி. ஓரத்துல கொஞ்சம் வெட்டிட்டு அனுப்புனேன். அவகிட்டச் சொல்லல. ஒளிக்கோணும்னு இல்ல. தேர்வானாச் சொல்லிக்கலாம்னு.

மார்கழியில காலண்டர் வந்துச்சு. அட்டைப் படமே அதுதானுங்க! பேரு போட்டிருந்தாங்க, தாராபுரம் சென்னியப்பன்னு. நான் நேரா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஹால்ல ஆணி அடிச்சு மாட்டுனேன். அவ அடுப்படியில இருந்து ஈரக்கையோட வந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் எதிர்பாத்துட்டு நிக்கறேன், என்னமாச்சும் சொல்லுவான்னு.

"இது அன்னைக்கு எடுத்ததுங்களா?"

"ஆமா கண்ணு."

"நான் எங்க இருக்கறேன்?"

"நீ அந்தப் பக்கம் இருந்த. உன்னையப் படத்துல வெக்கல."

"ஓ"ன்னா. சாப்பாடு போட்டா. அன்னைக்கு மத்தியானம் நான் ஒரு நிச்சயத்துக்குப் போயிட்டேன். பொழுதோட ஸ்டுடியோவுக்கு வந்தா, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறா. ஆல்பம் வேலை பாக்கறாளாக்கும்னு நெனச்சேன். கிட்டப் போனா, திரையில அந்தப் படங்க. எல்லாத்தையும் வரிசையாத் தொறந்து வெச்சிருக்கறா.

"பதினோரு படம் மாமா"ன்னா.

"அது பட்டன அமுத்துனா விடாம எடுக்கற செட்டிங்கு கண்ணு. ஒரு தடவை அமுத்துனா..."

"நேரம் இருக்குதுங்க மாமா, ஒவ்வொரு படத்துக்கும். ஆறு நாப்பத்திரெண்டுல இருந்து எடுத்திருக்கறீங்க. மொதலுக்கும் கடைசிக்கும் அம்பத்திமூணு செகண்டு."

அம்பத்திமூணு செகண்டுங்க. ஒரு நிமிசம் கூட இல்ல. நான் அதத்தான் சொன்னேன். அவ திரையில கைய வெச்சா. "மொத அஞ்சு படம் இந்தப் பக்கம் இருந்து எடுத்திருக்கறீங்க. காத்தாடி வலது பக்கம் நிக்குது. ஆறுல இருந்து பதினொண்ணு வரைக்கும் அந்தப் பக்கம் இருந்து எடுத்திருக்கறீங்க, பொழுதுக்கு எதுக்க. காத்தாடி எடது பக்கம் வந்துருச்சு. சரிங்களா?"

"ஆமா. இந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்ல."

"நான் கெடந்தது இங்க." மூணாவது படத்துல ஓரத்துல அவ கையி தெரியுது, கையுறையோட. அனுப்புன படத்துலயும் அந்தக் கை ஓரத்துல இருந்துச்சு, அதைத்தான் நான் வெட்டுனது. "நான் இங்க கெடந்தா, அஞ்சாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவுல நீங்க என்னையத் தாண்டித்தான் மாமா அந்தப் பக்கம் போயிருக்கோணும்."

நான் என்னங்க சொல்றது? நான்தான் அவளுக்கு அந்த வேலையெல்லாம் கத்துக் குடுத்தேன். வெளிச்சம் எங்கிருந்து வருது, எடுத்தவன் எங்க நின்னான், எல்லாம். இல்லைன்னு சொல்ல முடியுங்களா? அவ சண்டை போடல. அழுகல. கம்ப்யூட்டர அணைச்சா, சேலையச் சரி பண்ணுனா, "தோசைக்கு மாவு இருக்குது, போலாமா"ன்னா. போனோம். சாப்பிட்டோம். தூங்குனோம். நான் தூங்குனேன்.

காலைல நான் பல்லு வெளக்கிட்டிருக்கறேன், வாசல்ல வண்டி ஸ்டார்ட் ஆற சத்தம். ஒரே ஒதையில. எட்டிப் பாக்கறதுக்குள்ள தெரு முக்குல திரும்பிட்டா. பின்னால ஒரு பை கட்டியிருந்துச்சு. அந்தக் கையோட, பல்லடம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கறா அக்கா வீட்டுக்கு.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். பொங்கலுக்கு வருவான்னு நெனச்சேன். மாசிலதான் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக் காகிதம் வந்துச்சு. படிச்சுப் பாத்தேன். அடிச்சேன்னு எழுதல, குடிச்சேன்னு எழுதல, எதுவும் இல்ல. அவ வக்கீலே கேட்டாராம், இதுக்கெல்லாம் யாரும்மா கேஸ் போடுவாங்கன்னு. அவ அக்கா சொன்னாங்க. அவ இப்ப அங்க பொம்பளைங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றாளாம். காலைல ஆறு மணிக்கு ஸ்கூல் மைதானத்துல. என்ற வண்டியிலதான்.

கோர்ட்டுல ஒரு மேடம் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசுவாங்க. நல்ல அம்மாங்க அவங்க, ஃபேன நம்ம பக்கம் திருப்பி வெப்பாங்க. மொதத் தடவை நான் ஆல்பத்தக் கொண்டு போயிருந்தேன், அந்த ரெண்டு வருசப் படமெல்லாம். பாருங்க மேடம், வாரத்துக்கு ரெண்டு நாள் கூட்டிட்டுப் போனேன், எந்தப் புருசன் இப்படி வெளிய கூட்டிட்டுப் போறான்னேன். மேடம் ஒவ்வொண்ணாப் பொரட்டுனாங்க. நல்லா எடுத்திருக்கறீங்கன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஆல்பத்த மூடி எங்கிட்டயே குடுத்துட்டாங்க.

ரெண்டாந் தடவை போன மாசம். மேடம் சுகுணாவப் பாத்து, "என்னதாம்மா உன் மனசுல? வாய் தொறந்து சொல்லு, ஒரு தப்ப மன்னிக்கக் கூடாதா"ன்னாங்க. அவ தரையப் பாத்துட்டே சொன்னா.

"இவர் கெட்டவர் இல்லீங்க மேடம். எனக்கு இவர் மேல கோவமும் இல்ல. விழுந்தப்ப எனக்கு வலி தெரியலீங்க. மரத்துப் போன மாதிரி இருந்துச்சு. ஹெல்மெட்டுக் கண்ணாடி பூரா மண்ணு. அதுக்குள்ள பாத்தேன், இவர் ஓடி வர்றாரு. பக்கத்துல வந்து முட்டி போட்டுக் குனிஞ்சாரு. எங்கிட்டத்தான் குனியறாருன்னு நெனச்சேன். கையக் குடுத்தேன்."

அவ்வளவுதாங்க சொன்னா. மேடம் ஒரு டம்ளர் தண்ணிய அவ பக்கம் நகத்தி வெச்சாங்க. நான் சொன்னேன், மேடம், தரையில கெடக்கற வண்டியத் தாழ இருந்துதான் எடுக்கோணும், முட்டி போடாம எப்படி எடுக்கறதுன்னு. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே. மேடம் என்னையப் பாத்த பார்வைய இன்னும் என்னால புரிஞ்சுக்க முடியல. அடுத்த மாசம் வாங்கன்னுட்டாங்க. அதுதான் இன்னைக்கு.

சலிச்சுப் போச்சுங்க. நெசமாலுமே சலிச்சுப் போச்சு. காலண்டர் ஹால்லயே தொங்குது. கழட்டுனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு கழட்டல. கல்யாணத்துக்கெல்லாம் முருகேசனைத்தான் அனுப்பறேன். கேமராவக் கையில எடுத்தா கண்ணுல வெக்க முடியறதில்ல. ஒரு கண்ண மூடுனாத் தெரியறது வேற என்னமோ.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா? யாருன்னு தெரியாது, எறங்குனா மறந்துருவீங்க, அதனால சொல்றேன். வெரல் தானா அமுத்திருச்சுன்னு சொன்னேன் பாருங்க, அது அப்படி இல்லீங்க. வக்கீல்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், மேடத்துகிட்டயும் அப்படித்தான். நான் மொதல்ல அவளைத்தான் பாத்தேன். வண்டியப் பாக்கறதுக்கு முன்னால அவளைத்தான் பாத்தேன். ரெண்டடி எடுத்து வெச்சேன். அப்ப அவ கை அசைஞ்சுது. இப்படி, தரையில இருந்து கொஞ்சமா எந்திரிச்சு என்ற பக்கம் நீண்டுச்சு. அப்பாடா, உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சுது. ஒண்ணுமில்ல, பொழைச்சுட்டான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கப்பறம்தான் கேமராவத் தூக்குனேன்.

அசையாம இருந்திருந்தா கேமராவ வீசி எறிஞ்சுட்டு ஓடியிருப்பனுங்க. சத்தியமா ஓடியிருப்பேன். அந்தக் கையப் பாத்ததுனாலதான் எடுத்தேன். இதை இன்னும் அவகிட்டச் சொல்லல. இத்தனை நாள் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இன்னைக்குச் சொல்லிரலாம்னு இருக்கறேன். நான் உன்னையப் பாக்காம இல்ல கண்ணு, உன்ற கை அசைஞ்சதப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்னு. அதைக் கேட்டா அவளுக்கு மனசு ஆறுமில்லீங்க?

ஏனுங்க, நீங்களும் கேமரா புடிக்கறவர்தானே. சொல்லுங்க. ஆறுமில்ல?

சரி, விடுங்க. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க எறங்குங்க, உங்களுக்கு முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. பைய நெஞ்சோட புடிச்சுக்கங்க, கூட்டம் தள்ளும். இல்லீங்க, நீங்க போங்க. எல்லாரும் போகட்டும், நான் கடைசியா எறங்கிக்கறேன்.